ஆறு நாள் பூட்டு, ஒரு நாள் பாட்டு

காலத்தோடு ஒத்துச் செல்லவேண்டும் என்று கூறி, மலேசியத் தமிழ்த் திருச்சபைகள் சில ஆராதனையில் வண்ண விளக்கையும் ஆங்கிலத்தையும் புகுத்துகின்றன. இளைஞரை ஈர்க்க இதுவே வழியாம்! விளக்கைக் கண்டு வருவோர், அதனினும் பெரிய விளக்கைக் கண்டால் அங்கே செல்லமாட்டாரோ?

வரலாறு வேறு வழியைக் காட்டுகின்றது. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலில் தமிழ் கற்றார். பின்னர்ப் பள்ளி திறந்தார். அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. மக்களின் மொழியையும் தேவையையும் நாடிச் சென்றபோதுதான் திருச்சபை வேரூன்றியது.

தோட்டங்கள் அழிந்தபின் நகர்ப்புற அடுக்குமாடிகளில் ஒதுங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! பிள்ளைக்கு அமர்ந்து படிக்க இடமில்லை. மதுவுக்கு அடிமையான தந்தையை மீட்க ஆளில்லை. அருகிலேயே திருச்சபை மண்டபம் ஆறு நாளும் பூட்டிக் கிடக்கின்றது!

அம்மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கட்டும். வரும் பிள்ளை எச்சமயத்தவன் என்று வினவவும் வேண்டா. மதம் மாற்றவும் முயல வேண்டா. அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துக் காத்த நல்ல சமாரியன் அவன் குலத்தைக் கேட்கவில்லையே!

பூட்டைத் திறக்கும் சபையை மக்கள் தேடி வருவர். திறவாத சபை காலத்தின்மீது பழி சுமத்திப் பயனில்லை.