தரவுத்தளக் கல்வி வணிக மாணவர்க்கும் தேவை

வணிகம் பயிலும் மாணவர்கள் கணக்கியல், பொருளியல், சந்தைப்படுத்தல் ஆகிய பாடங்களை ஆர்வத்துடன் கற்கின்றனர். ஆனால், தரவுத்தள வடிவமைப்பு என்றதும் பலர் தயங்குகின்றனர். அது கணினித் துறையினரின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். இந்த எண்ணம் சரியன்று. எந்தத் தகவலைப் பதிவு செய்வது, எதனை எதனோடு இணைப்பது, எதனைக் கேட்காமலே விட்டுவிடுவது என்பவை வணிகம் சார்ந்த முடிவுகளாகும். அவற்றை எடுக்கும் பொறுப்பு வணிகம் அறிந்தவர்களுடையது.

தகவலை ஒழுங்குபடுத்தி வைக்கும் பழக்கம் தமிழ் வணிகர்களுக்குப் புதியதன்று. அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தங்கள் கிட்டங்கிகளில் அன்றாட வரவு செலவை எழுதி வைத்தனர். பின்னர், அதனை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றினர். ஒருவர் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்பதைப் பேரேட்டைப் புரட்டிய உடனே கண்டறிய முடிந்தது. அங்கு வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்குக் கணக்கெழுதக் கற்பதும் தொழில் கற்பதும் வெவ்வேறாக இருக்கவில்லை. இன்று பேரேட்டின் இடத்தைத் தரவுத்தளம் பிடித்திருக்கிறது. ஏடு மாறியதால் அதனைக் கற்கும் கடமை மாறிவிடாது.

தரவுத்தளம் என்பது ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளின் தொகுப்பாகும். அதன் பயனை அறிய, கிள்ளானில் உள்ள ஒரு புடவைக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தீபாவளி நெருங்கும்போது அக்கடைக்கு ஏராளமான முன்பதிவுகள் வருகின்றன. பணியாளர்கள் அவை அனைத்தையும் ஒரே விரிதாளில் எழுதுகின்றனர். ஒரே வாடிக்கையாளரின் பெயரை ஒருவர் ‘லெட்சுமி’ என்றும், மற்றொருவர் ‘லட்சுமி’ என்றும், வேறொருவர் ‘லக்‌ஷ்மி’ என்றும் பதிவு செய்கின்றனர். அவர் வீடு மாறியபோது புதிய முகவரி ஒரு வரிசையில் மட்டும் திருத்தப்படுகிறது. அதனால் புடவை பழைய வீட்டுக்குப் போகிறது. ஆண்டு முடிவில் ஒரே வாடிக்கையாளர் மூவராகக் கணக்கிடப்படுகிறார்.

முறையாக வடிவமைத்த தரவுத்தளத்தில் வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணையும், பொருளுக்கு ஓர் அட்டவணையும், விற்பனைக்கு ஓர் அட்டவணையும் இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண் உண்டு. விற்பனை அட்டவணையில் அந்த எண் மட்டுமே இடம்பெறும். முகவரி ஓரிடத்தில் மட்டும் இருப்பதால், அதனை ஒருமுறை திருத்தினாலே போதும். இவ்வாறு தரவுகளை அட்டவணைகளாகப் பிரித்துத் தொடர்புபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 1976இல் பீட்டர் சென், எவை எவற்றோடு தொடர்புடையவை என்பதைப் படமாக வரைந்து காட்டும் முறையை வகுத்தார். அந்தப் படத்தை வரைவதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளும் எழுதுகோலும், தொழிலைப் பற்றிய தெளிவும் இருந்தால் போதும்.

விரிதாளே போதுமானது என்று வாதிடுவோரும் உள்ளனர். சிறிய பட்டியலுக்கு அது போதும் என்பது உண்மையே. எனினும், அளவு பெருகும்போது அதன் குறை வெளிப்படுகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கோவிட்-19 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வக முடிவுகளைத் தொகுக்கப் பழைய வகை விரிதாள் கோப்பைப் பயன்படுத்தியதே அதற்குக் காரணம். அவ்வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. தொற்று கண்டவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமானது. பொருத்தமற்ற கருவி எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்றாகும்.

ஆயத்த மென்பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன, வல்லுநர்களும் இருக்கின்றனர், வணிக மாணவர் ஏன் இதனைக் கற்க வேண்டும் என்பது மற்றொரு கேள்வி. இக்கேள்விக்கு மலேசியர்களின் பெயர்களே விடை கூறும். வெளிநாட்டு மென்பொருள்கள் பலவற்றில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. தமிழர் பெயரில் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே உண்டு. அதனைக் குடும்பப்பெயராகப் பதிவு செய்தால், மகளுக்கு எழுதப்படும் கடிதம் தந்தையை விளித்துத் தொடங்கும். சீனர் பெயரிலோ குடும்பப்பெயர் முன்னால் வரும். மலாய்க்காரர் பெயரில் பின், பிந்தி என்னும் சொற்களுக்குப் பிறகு தந்தையின் பெயர் வரும். இந்நாட்டு வாடிக்கையாளர்களை அறிந்த ஒருவர் வடிவமைப்பில் பங்கேற்றால் இத்தகைய குழப்பம் நேராது.

விலையைப் பதிவு செய்வதிலும் இதே நிலைதான். ஒரு பொருளின் விலையைப் பொருள் அட்டவணையில் மட்டும் வைத்தால், இன்று விலையை உயர்த்தியதும் சென்ற மாத விற்பனைத் தொகையும் சேர்ந்து உயர்ந்ததாகக் கணினி காட்டும். கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். இன்றைய விலை வேறு. விற்ற அன்று வாங்கிய விலை வேறு. எனவே, விற்ற விலையை விற்பனை அட்டவணையிலும் தனியே எழுத வேண்டும். இந்த வேறுபாட்டைக் கணக்கியல் படித்த மாணவர் எளிதில் உணர்வார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று அட்டவணைகளை நொடியில் உருவாக்கித் தருகின்றன. ஆயினும், அவை தரும் வடிவம் தொழிலுக்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்க மனிதருக்கு அறிவு வேண்டும்.

இவை அனைத்தினும் முதன்மையானது நம்பிக்கை. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தேவைக்கு மிஞ்சிய தனிநபர் தகவலை வணிகர்கள் திரட்டக் கூடாது. நோக்கம் நிறைவேறிய பின்னும் அதனை வைத்திருக்கக் கூடாது என்று அச்சட்டம் வலியுறுத்துகிறது. அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கின்றன. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கின்றன. கழிவு தரும் உறுப்பினர் அட்டைக்கு இந்த எண் தேவையா? வாடிக்கையாளருக்குக் கடையே ஓர் எண் கொடுத்தால் போதாதா? இக்கேள்விகள் அட்டவணையை வரையும்போதே எழ வேண்டும். தகவல் கசிந்த பிறகு கேட்பது, வெள்ளம் வந்த பின் அணை போடுவதற்கு ஒப்பாகும்.

வணிக மாணவர் அனைவரும் நிரலாளர் ஆக வேண்டும் என்பது இதன் பொருளன்று. மூன்று திறன்கள் போதும். முதலாவது, ஒரு தொழிலின் தகவல் தொடர்புகளைப் படமாக வரையும் திறன். இரண்டாவது, எளிய வினவல்களை எழுதி, தரவுத்தளத்திலிருந்து வேண்டிய விடையைத் தாமே பெறும் திறன். மூன்றாவது, யார் எதனைப் பார்க்கலாம், யார் எதனைத் திருத்தலாம் என்று வரையறுக்கும் திறன். இவற்றைப் பழக விலையுயர்ந்த ஏற்பாடுகள் தேவையில்லை. பள்ளிக் கூட்டுறவுக் கடையின் ஒரு வார விற்பனையை எடுத்துக்கொண்டு மாணவர்கள் குழுவாகப் படம் வரையலாம். எந்த நாளில் எந்தப் பொருள் அதிகம் விற்றது, எது தீர்ந்துபோனது என்று வினவிப் பார்க்கலாம். வரைந்த படம் விடை தரத் தவறினால், எங்கே பிழை என்று தேடித் திருத்தலாம்.

நாளை இம்மாணவர்களில் சிலர் சொந்தத் தொழில் தொடங்குவர். சிலர் நிறுவனங்களில் பொறுப்பேற்பர். பிறர் தரும் அறிக்கையை அப்படியே நம்புவோராக அவர்கள் இருந்துவிடக் கூடாது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு கணக்கிடப்பட்டன என்று கேட்கத் தெரிந்தவர்களாக வளர வேண்டும். அதற்காகவே தரவுத்தள வடிவமைப்பு வணிகக் கல்வியில் கணக்கியலுக்கு இணையான இடத்தைப் பெற வேண்டும்.