மிஞ்சும்வரை காத்திருக்கச் சொல்லும் பழமொழி

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்ற பழமொழி அளவுக்கு நம்மைக் கெடுத்த வாக்கு வேறில்லை என்பேன். கஞ்சத்தனத்துக்கு அது விவேகம் என்று பெயர் சூட்டிவிட்டது. முதலில் வேலை, அப்புறம் வீடு, பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு ஒரு வழி. ரிட்டயர் ஆனதும் நாலு பேருக்கு நல்லது செய்யலாம் என்கிறோம். அந்த மிச்சம் எந்த வருஷம் கைக்கு வரும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பத்தாயிரம் சம்பளத்தில் மிஞ்சாதவருக்கு லட்சத்திலும் மிஞ்சுவதில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பழமொழியை நம்ப உரிமையே கிடையாது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலாரிடம் என்ன மிஞ்சியிருந்தது? சொத்தென்று எதையும் சேர்க்காத அந்த மனிதர் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டினார். அதற்காக அங்கே ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் மக்கள். உழுது பிழைக்கிறவர்களுக்கு நிலம் மிச்சப் பொருளா? பத்தாண்டு கழிவதற்குள் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் அந்த அடுப்பு பஞ்சத்துக்கு முன் எரிந்திருக்காது.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். நந்தன் தீயில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிந்தது என்று கதை சொல்லும் ஊர் அது. அங்கே சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தார். ஆரணிப் பக்கம் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த துறவி அவர். சுற்றிலும் நஞ்சை நிலமும் நெல்லும் குவித்து வைத்திருந்த மிராசுதார்கள் எத்தனையோ பேர். மிஞ்சியவர்களெல்லாம் தருமம் செய்கிறவர்களாக இருந்தால், அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு சாமியார் அலைய வேண்டியிருக்குமா? சட்டமன்றத்திலும் அவர்களுக்காகவே பேசினார். 1959இல் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வேலை.

மிஞ்சட்டும் என்று காத்திருந்தே அறுபதைத் தாண்டியவர்கள் ‘வாழ்க்கையில் ஒரு பிடிப்பே இல்லை’ என்று சொல்லக் கேட்டு மனம் கலங்கியிருக்கிறேன். வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இவர்களை எதிர்பார்த்து வெளியே யாரும் இல்லை. அந்தப் பிடிப்பு நம்மைத் தேடுகிறவர்களிடமிருந்து வருவது. நாற்பது வருஷம் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்துவிட்டு, கடைசியில் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதாலும் வந்துவிடாது.

‘பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் செய்யச் சொல்கிறாயா?’ என்று கேட்பார்கள். ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பட்டினி இருக்கிறது? ஏழைகள் வாயில் இது அதிகம் வருவதில்லை. நெருக்கடி வந்தால் யாரும் மிச்சத்தைப் பார்ப்பதும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர்க் கரையோரக் குப்பங்களை வாரிக்கொண்டு போனது. பரங்கிப்பேட்டையில் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போட முஸ்லிம் ஜமாஅத்தார் முன்னால் நின்றார்கள். மதம், சாதி, மிச்சம் எதையும் கணக்குப் பார்க்க அன்று நேரம் இல்லை.

இன்னொரு தப்பித்தலும் உண்டு: ‘அவர்கள் மகான்கள், நாம் குடும்பஸ்தர்கள்.’ வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டது 1874 ஜனவரியில். அதற்குப் பிறகு தருமச்சாலை அடுப்பை அணையாமல் காத்தவர்கள் யார்? அரிசி மூட்டை இறக்கியவர்கள், காய் நறுக்கியவர்கள், இலை எடுத்தவர்கள், தைப்பூசத்துக்கு வண்டி கட்டி வந்தவர்கள். கடனும் கல்யாணச் செலவும் பிள்ளைகுட்டியும் உள்ள குடும்பஸ்தர்கள்.