பாவித்த காஸ் உலை: கூட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கம்மாலைத் தொழில் பழகும் தம்பியொருவர், பாவித்த புரொப்பேன் காஸ் உலையொன்று மலிவாகக் கிடைப்பதாகச் சொல்லி யோசனை கேட்டார். புதுப் பெயின்ற் பூசிப் பளபளவென்று இருந்ததாம். "முதலில் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு விலை பேசுங்கள்" என்றேன்.

உலையின் பெறுமதி இரும்புக் கூட்டில் இல்லை. உட்பூச்சிலும் பர்னரிலுமே இருக்கிறது. உள்ளே செராமிக் பஞ்சு வெளித்தெரிந்தால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பஞ்சை மாற்றி, வெப்பம் தாங்கும் சாந்து பூசும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சுடர் சீராக எரியவேண்டும். கால் மணி நேரமாகியும் இரும்புத் துண்டு செம்மஞ்சளாகப் பழுக்காவிட்டால், அந்த உலை உங்கள் காஸைத் தின்னும்.

குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாகவே வாங்குங்கள். சமையலறை ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியது தேவை. மூட்டுகளில் சவர்க்கார நீர் தடவிக் கசிவு பாருங்கள். அடைத்த அறையில் எரித்தால் காபனோரொட்சைட்டு உயிரைக் குடிக்கும்.

கத்தி, உளி அடிக்கப் பழகுபவருக்கு ஒற்றை பர்னர் உலை போதும். பெரிய உலை வெற்றிடத்தைத்தான் சூடாக்கும். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். உலையின் விலையோடு அது எரிக்கப்போகும் காஸையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பவரே வியாபாரி.