மேலே கொட்டியது கீழே வரும்



சென்ற மாதம் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பாசிர் ரிஸ்ஸில். காலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு கடலோரப் பூங்காவுக்கு நடந்து போவேன். அங்கே தெம்பினிஸ் ஆறும் ஆப்பி ஆப்பி ஆறும் கடலில் சேர்கின்றன. பேராக் ஆற்றையும் பகாங் ஆற்றையும் பார்த்த நம் கண்ணுக்கு அவை வெறும் வாய்க்கால்கள்தாம். ஆனாலும் அந்தச் சின்ன ஆறுகள் எனக்குப் பெரிய பாடம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தன.

பாசிர் ரிஸ்ஸில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, வீடுகள் எழுப்பினார்கள். அப்படியும் சுமார் 6 ஹெக்டர் சதுப்புநிலக் காட்டை அழிக்காமல் பூங்காவுக்குள்ளேயே விட்டு வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் மரப்பலகைப் பாதை உண்டு. நீர் வற்றிய நேரத்தில் அதில் நடந்தால், சேற்றிலிருந்து பென்சில் நட்டது போல ஆயிரமாயிரம் வேர்கள் மேல்நோக்கி நிற்பதைக் காணலாம். அவை ஆப்பி ஆப்பி மரத்தின் வேர்கள்.

“தாத்தா, வேர் ஏன் மேலே வளருது?” என்றான் பேரன்.

“சேற்றுக்குள் காற்று இல்லையப்பா. மூச்சு விட மேலே வருகிறது” என்றேன்.

சொன்ன மறுகணம் என் நினைவு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னால் ஓடிவிட்டது.

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டம். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில்தான் குளியல், துவையல், தூண்டில் எல்லாம். ஒருநாள் விடியற்காலையில் ஆறு முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. சிறுவர்களாகிய எங்களுக்குக் கொண்டாட்டம். கூடை நிறைய அள்ளி வந்தேன். அம்மா முகர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் குழி தோண்டிப் புதைத்தார். மேலே இருந்த ஆலையின் கழிவுநீரை இரவில் ஆற்றில் திறந்துவிட்டிருந்தார்கள் என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மீன் செத்தது விஷத்தால் மட்டுந்தானா? பால், எண்ணெய், சாணம், சோறு எதுவானாலும் தண்ணீரில் கொட்டினால், அதைத் தின்னக் கோடிக்கணக்கான கிருமிகள் பெருகுகின்றன. அவை தின்னத் தின்ன, நீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் தீர்ந்து போகிறது. மரமாவது வேரை மேலே நீட்டித் தப்பிக்கிறது. மீன் என்ன செய்யும்?

மலேசியாவில் 1974-இல் சுற்றுச்சூழல் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குத் தனி விதிகள் பிறந்தன. ஆலைக் கழிவு எவ்வளவு பிராணவாயுவை விழுங்கலாம் என்பதற்கு 1978-இல் வைத்த எல்லை லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். 1984-க்குள் அது 100 ஆகக் குறைக்கப்பட்டது. ஆலைகளின் பக்கத்தில் வரிசையாக இருக்கும் கழிவுக் குளங்களின் வேலை இதுதான். கிருமிகளின் விருந்தைக் குளத்திலேயே முடித்துவிட்டு, அதன் பிறகே நீரை ஆற்றுக்கு அனுப்ப வேண்டும்.

சிங்கப்பூரின் கதையும் இதே கதைதான். 1977-இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றுப் பகுதியையும் சுத்தமாக்க வேண்டும் என்றார். 1987-இல் வேலை முடிந்தது. ஆற்றைத் தூர்வாரினால் மட்டும் போதவில்லை. மேற்பகுதியில் இருந்த 610 பன்றிப் பண்ணைகளையும் 500 வாத்துப் பண்ணைகளையும் அப்புறப்படுத்தினார்கள். தெருவோர வியாபாரிகளைச் சாக்கடை வசதியுள்ள கட்டடங்களுக்கு மாற்றினார்கள். பிறந்த இடத்தையும் செய்த தொழிலையும் விட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ! அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் அந்த ஆற்றின் அழகைக் கணக்கிட வேண்டும்.

பாசிர் ரிஸ் கரையில் நின்றால் எதிரே உபின் தீவு. அதற்கும் அப்பால் ஜொகூரின் பாசிர் கூடாங். 2019 மார்ச்சில் அங்கே கிம் கிம் ஆற்றில் யாரோ கள்ளத்தனமாக ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சட்டம் இருந்தும் இது நடந்தது. சட்டப் புத்தகம் ஆற்றங்கரையில் காவல் நிற்பதில்லை. நாம்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சிங்கப்பூர் 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை நீர் எடுக்கலாம். அந்த ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் ஏராளம். அங்கே நம்மவர் ஒருவர் வாய்க்காலில் கொட்டுவது, இங்கே என் பேரன் குடிக்கும் தண்ணீரைத் தேடி வரும்.

ஆகவே வாசகர்களே, புல்லுக்கு மருந்தடித்த டப்பாவை ஓடையில் கழுவாதீர்கள். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆற்றில் நிறமோ நாற்றமோ மாறினால், செத்த மீன் மிதந்தால், “நமக்கென்ன” என்றிராமல் அன்றைக்கே நாலு பேராகச் சேர்ந்து சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

என் அம்மா அன்று மீனைப் புதைத்தார். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அந்தக் காலத்தில் அவருக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.