பின்விளக்கில் தண்ணீர்!

இந்தத் தடவை அடுப்படியை விட்டு வாசலுக்கு வருகிறேன். "காரைப் பற்றி எழுதப் போறியா? உனக்கென்ன தெரியும்?" என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போன ஐப்பசி மழையில் வயிற்றைக் கலக்கியது எனக்குத்தானே!

செங்கல்பட்டில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. முடித்துக்கொண்டு இரவு தாம்பரம் திரும்பிக் கொண்டிருந்தோம். கொட்டுகிற மழை. அவர் வண்டி ஓட்ட, பின் சீட்டில் நானும் தூங்கி விழுந்த இரண்டு பிள்ளைகளும். ஒரு சிக்னலில் பிரேக் போட்டு நின்றோம். பின்னால் 'கிறீச்' என்று ஒரு சத்தம். திரும்பினால், ஒரு வேன் எங்கள் பின் கண்ணாடியை ஒட்டினாற்போல் நிற்கிறது. ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம்!

வேன் டிரைவர் நனைந்துகொண்டே இறங்கி வந்தார். "சார், உங்க பிரேக் லைட்டே எரியலை. நிக்கறீங்களா, போறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபப்படவில்லை. பாவம், அவருக்கே கை நடுங்கிக் கொண்டிருந்தது. மழை விடும்வரை ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கி நின்று, பிறகு ஓரமாகவே ஊர்ந்து வீடு வந்தோம்.

எனக்கு மனசே ஆறவில்லை. பத்து நாள் முன்னாலேயே என் சின்னப் பையன் பின்விளக்கின் சிவப்பு மூடிக்குள் தண்ணீர் தளும்புவதைப் பார்த்து, "அம்மா, இதிலே மீன் விடலாமா?" என்று கேட்டான். "போய்ப் படிடா" என்று விரட்டியவள் நான்.

மறுநாள் மெக்கானிக் வந்து விளக்கைக் கழற்றிக் கவிழ்த்தார். அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. பல்ப் செருகும் ஹோல்டரில், புளி பட்ட பித்தளைச் செம்பு மாதிரி பச்சைக் களிம்பு. களிம்பும் ஈரமுமாகச் சேர்ந்து ஷார்ட் ஆகி, பிரேக் விளக்கின் ஃபியூஸ் போயிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஃபியூஸ் என்பதால், தண்ணீர் புகாத வலது பக்கமும் சேர்ந்து அணைந்துவிட்டது.

"பின்விளக்கு எரிஞ்சுதே, நான் பார்த்தேனே!" என்றார் இவர். அங்கேதான் ஏமாந்தோம். எங்கள் வண்டியைப் போலப் பல வண்டிகளில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். இரவில் எரிவது 5 வாட் இழை. பிரேக்கை மிதித்தால் எரிவது 21 வாட் இழை. ஒன்று எரிந்தால் மற்றதும் எரியும் என்று சொல்ல முடியாது.

"தண்ணீர் எப்படிப்பா உள்ளே போச்சு?" என்று கேட்டேன். "குக்கர் கேஸ்கெட் நாளானா என்ன ஆகும்மா? அதே கதைதான்" என்றார். விளக்குக்குப் பின்னாலும் ஒரு கேஸ்கெட் உண்டு. வெயிலில் காய்ந்து விறைத்து, பிடிப்பு விட்டுப்போகிறது. சிவப்பு மூடி ஒட்டியிருக்கும் இடத்திலும் மயிரிழை விரிசல் விடும். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியே போகிறது. அணைந்து குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. சுடச்சுட மூடிய பாத்திரம் ஆறினதும் மூடி இறுகிக்கொள்ளுமே, அந்த மாதிரி. விரிசல் மேல் மழைத்துளி நின்றால் அதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

லேசாகப் பனி படிந்தாற்போல் இருந்து, வெயில் வந்ததும் மறைந்தால் பயப்பட வேண்டாம். விளக்கிலேயே சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். துளித்துளியாக நின்றாலோ, அடியில் தேங்கினாலோ சும்மா விடக்கூடாது. எதிர்வீட்டுக்காரர், "அடியிலே ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிடும்" என்றார். வடியும்தான். டயர் வாரி அடிக்கிற சேறும் அதே வழியாக ஏறுமே!

மெக்கானிக் செய்தது இதுதான். பல்புகளை எடுத்துவிட்டு விளக்கை மின்விசிறிக் காற்றில் காய வைத்தார். (முடி உலர்த்தும் மெஷினைக் காட்டலாம். ஆனால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்து. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.) பிறகு துவாரங்களை டேப்பால் அடைத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்த இடம்தான் விரிசல்! அதைத் துடைத்துக் காயவைத்து சிலிக்கான் பசை பூசி, ஒரு நாள் முழுக்க விட்டார். டேப்பை மறக்காமல் பிரித்தார். பசையில் வினிகர் வாடை அடிக்கிற ரகம் வேண்டாமாம். வினிகர் ஊறுகாய்க்கு ஆகும், செம்புக் கம்பிக்கு ஆகாது. 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்க வேண்டும். புது கேஸ்கெட், புது பல்ப், களிம்பு சுரண்டிய ஹோல்டர், புது ஃபியூஸ். அவ்வளவுதான். எல்.இ.டி. விளக்காக இருந்தால் பெரும்பாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டிவரும், செலவு ஜாஸ்தி.

டிக்கிக்குள் விரித்த பாயையும் தூக்கிப் பாருங்கள். கேஸ்கெட் வழியாகக் கசிந்த தண்ணீர், உபரிச் சக்கரக் குழியில் எங்களுக்குத் தெரியாமலே தேங்கியிருந்தது. ஒரு மாசமாக அடித்த முடை நாற்றத்துக்கு நான் பழைய கோணிப்பையைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிற்கும். இவர் பிரேக்கை மிதிப்பார். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று விழ வேண்டும். பார்த்துச் சொல்கிற வேலை சின்னவனுக்கு. "ரெண்டும் எரியுது, மீன் தொட்டி காலி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான்.