நம்பர் கொடுத்தவருக்கு நம்பர் வரவில்லை

போன வாரம் சம்சாரத்தோடு பெங்களூர் போக வேண்டியிருந்தது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை ஒரு பஸ். அங்கிருந்து கர்நாடக அரசு பஸ். அதில் 2023 ஜூன் முதல் பெண்களுக்குக் காசு கிடையாது, ஆதாரைக் காட்டினால் போதும். சம்சாரம் மகாராணி மாதிரி கார்டை நீட்டினாள். கண்டக்டர் போட்டோவைப் பார்த்தார், அட்ரஸைப் பார்த்தார்.

"ஓசூரா? டிக்கெட் தகொள்ளிம்மா."

கர்நாடக அட்ரஸ் இருந்தால்தான் ஓசியாம். எடுத்தோம்.

"இந்தக் கார்டை யாருங்க கண்டுபிடிச்சது?" என்றாள், பழி வாங்குகிற குரலில்.

பஸ் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொட்டிருந்தது. இடது கைப் பக்கம் காட்டி, "அங்கே இருக்கே இன்ஃபோசிஸ், அந்தக் கம்பெனிக்காரர்தான்" என்றேன்.

நந்தன் நிலேகனி. 1981ல் ஏழு பேர் சேர்ந்து இன்ஃபோசிஸை ஆரம்பித்தபோது அதில் ஒருவர். 2002லிருந்து 2007 வரை அதன் தலைமை அதிகாரி. 2009ல் கம்பெனியை விட்டுவிட்டு, கேபினட் மந்திரி அந்தஸ்தோடு ஆதார் ஆணையத்துக்குத் தலைவரானார். பெயர் எழுதத் தெரியாதவருக்கும் விரல் ரேகையை வைத்து 12 இலக்கத்தில் ஒரு நம்பர். அவர் கிளம்புவதற்குள் சுமார் 60 கோடிப் பேர் கையில் நம்பர்.

2014 மார்ச்சில் காங்கிரசில் சேர்ந்து பெங்களூர் தெற்கில் நின்றார். படித்தவர்கள் தொகுதி, கம்ப்யூட்டர்காரர்கள் ஊர். "ஜெயிச்ச மாதிரிதான்" என்று எங்கள் ஆபீஸில் பெட் கட்டாத ஆள் இல்லை. எங்களுக்கு அங்கே ஓட்டில்லை, அதனால் பெட் கட்டுவது ரொம்ப சுலபம்.

எதிரே பா.ஜ.க.வின் அனந்தகுமார். 1996லிருந்து அதே தொகுதியில் வரிசையாக ஐந்து தடவை ஜெயித்தவர். ரிசல்ட் மே 16ம் தேதி வந்தது. நிலேகனிக்கு 4 லட்சத்துச் சொச்சம், அனந்தகுமாருக்கு 6 லட்சத்து 33 ஆயிரத்துச் சொச்சம். வித்தியாசம் இரண்டேகால் லட்சத்துக்கு மேல்.

ஏன் தோற்றார்? தேசம் முழுக்க மோடி அலை. அந்தத் தொகுதியில் காங்கிரஸ் 1989க்குப் பிறகு ஜெயித்ததே இல்லை. இதெல்லாம் பெரிய காரணங்கள். காலண்டரில் ஒரு சின்னக் காரணம் இருக்கிறது. ஓட்டுப் போடும் நாள் ஏப்ரல் 17, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி. அப்புறம் சனி, ஞாயிறு. நாலு நாள் லீவு சார்! அன்றைக்குக் காலையில் ஓசூர் டீக்கடையில் நின்றவர்களைக் கேளுங்கள். கே.ஏ. நம்பர் கார்கள் குடும்பம் குடும்பமாக ஒகேனக்கல், ஏற்காடு என்று போய்க்கொண்டிருந்தன. 'படித்தவர்கள் அரசியலுக்கு வர வேண்டும்' என்று கேன்டீனில் முழங்கியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். தொகுதியில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்தான். அவர்கள் எல்லாரும் வந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? சொல்ல முடியாது. ஆனால் வராமலே அலுத்துக்கொள்வது நியாயமா?

தமாஷ் அதற்குப் பிறகுதான். ஆதாரைத் தேர்தல் மேடையில் விளாசிய கட்சி ஆட்சிக்கு வந்தது. ஜூலையில் நிலேகனி போய் மோடியைப் பார்த்துப் பேசினார். ஆதார் பிழைத்தது. 2016ல் அதே ஆட்சி அதற்குச் சட்டமே போட்டது. கேஸ் மானியமா, பான் கார்டா, எங்கும் அந்த நம்பர். ஆளைத் தோற்கடித்தார்கள், வேலையை வைத்துக்கொண்டார்கள். கம்பெனியில் இப்படி நடந்தால் யூனியன் கொடி பிடிக்கும்!

"அப்புறம் அவரு என்ன பண்ணார்?" என்றாள் சம்சாரம்.

"எந்த எலெக்‌ஷன்லயும் நிக்கலை. 2017ல இன்ஃபோசிஸுக்கே சேர்மனாத் திரும்பி வந்துட்டார்."

"அவருக்குத் திரும்பிப் போக ஒரு கம்பெனி இருந்தது" என்றாள். "லீவுல ஒகேனக்கல் போனவங்க எங்கே திரும்பிப் போவாங்க? அஞ்சு வருஷமும் அங்கேயேதானே இருக்கணும்?"

சில்க் போர்டு வந்துவிட்டது. டிராபிக்கில் பஸ் அசையவில்லை. யோசிக்க நிறைய நேரம் இருந்தது.