கருவறிந்து கணினி கொள்வோம்

அறிவியல் தமிழ் வளர வேண்டுமென்று விழா மேடைதோறும் முழங்குகின்றோம். அம்முழக்கம் நம் மாணவி ஒருத்தியின் வீட்டுக் கணினிக்கு எவ்வாறு பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

2014 ஆம் ஆண்டு. சாத்தூரில் தீப்பெட்டி ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்து, தந்தையார் ஒருவர் தம் மகளுக்குப் பழைய கணினி வாங்கித் தந்தார். அதன் நினைவகம் 4 ஜி.பி.; உள்ளகங்கள் இரண்டு. அதிலிருந்த லினக்ஸ் காட்டியதோ ஏறத்தாழ 3 ஜி.பி.யும் ஒரே உள்ளகமும். "போர்டு போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்றார் பழுது பார்ப்பவர். கணினித் துறை இளவல் ஒருவர் வந்து, இயக்க முறைமையின் கருவுக்குப் பெயர் என்னவென்று பார்த்தார். அது 486 என முடிந்தது. 686-பிஏஇ என்னும் கருவை நிறுவியதும் மறைந்திருந்தவை தோன்றின. ஆன செலவு ஒரு குவளைத் தேநீர்!

கரு என்பது ஆங்கிலத்தில் கெர்னல். (அச்சொல்லைக் கேட்டுப் படைத்தலைவர் ஒருவரை நினைத்துக்கொண்ட மாணவரும் எம் வகுப்பில் உண்டு.) நிலக்கடலைக்குள் பருப்புப் போல, முறைமைக்குள் இருந்து நினைவகத்தையும் செயலியையும் பங்கிடுவது அது. 32 பிட் முகவரியால் சுட்டக்கூடியவை 4,294,967,296 பைட்டுகள், அதாவது 4 ஜி.பி. பிற உறுப்புகளும் அம்முகவரிகளில் பங்கு கேட்பதால் நினைவகம் முழுதும் கிட்டுவதில்லை. 1995 இல் வந்த பென்டியம் புரோ செயலி முகவரியை 36 பிட்டாக்கி, எல்லையை 64 ஜி.பி.க்கு உயர்த்தியது. ஆயினும் அவ்வசதியோடு தொகுக்கப்பெற்ற கருவே அதனை ஆளவல்லது.

செயலிக்கும் இதுவே நெறி. பட்டாசு ஆலை அறையொன்றில் நால்வருக்கு மேல் பணியாற்றலாகாது என்பது நம் வட்டாரத்தார் அறிந்ததே. ஐந்தாமவர் எத்துணை வல்லவராயினும் வெளியேதான். கருவைத் தொகுப்போர் குறிக்கும் செயலி எண்ணிக்கையும் அத்தகையதே. அதனை வீணே உயர்த்தினால் ஒவ்வொரு செயலிக்கும் ஏறத்தாழ 8 கிலோபைட் நினைவகம் கழியும். 2013 இல் வெளியான டெபியன் 7 இன் 486 கரு பல செயலிகளை ஏற்காததும் பிழையன்று. அது பழங்கணினிகளுக்கென அமைந்தது. பிஏஇ அறியாச் செயலியில் 686-பிஏஇ கருவை இட்டால் கணினி எழவே எழாது. பெரியதே நன்று என்பாரும் ஈண்டுத் தவறுவர்.

சென்னை சி-டாக் 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், அரசு மடிக்கணினிகள் வழியே நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது. கருவைத் தொகுக்குங்கால் அது கேட்கும் வினாக்களோ ஆங்கிலத்தில் உள்ளன. நினைவகம், செயலி பற்றிய வினாக்களையேனும் தமிழ்த்துறையும் கணினித்துறையும் கூடியமர்ந்து தமிழில் விளக்கி நூலாக்க வேண்டும் என்பது என் துணிபு. "இலக்கணம் நடத்துபவருக்கு இவ்வேலை எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவலாம். பொருள் புரியாமையால் ஓர் ஏழைத் தந்தை மறுபடியும் கடன்படவிருந்தாரே, அது சொல்லை ஆள்வோரின் வேலை இல்லையா?

காலமும் காத்திருக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்குக் கருவே வழங்கவில்லை. அம்மாணவியின் கணினி 64 பிட் கருவையும் ஏற்கவல்லது என்பது எங்களுக்கே பின்னர்தான் தெரிந்தது.